‘வீட்டுலதானே இருக்கீங்க?’ - அடுப்புக்கும் ஊசிக்கும் நடுவே எழுதும் அம்மாக்களின் நேரம் எங்கே போகிறது?

புதுச்சேரி நகரிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில், யூனியன் பிரதேசம் முடியும் இடத்தில் இருக்கிறது கோரிமேடு. ஜிப்மர் மருத்துவமனை இருப்பதால் இந்தப் பகுதிக்கு இரவு பகல் கிடையாது. செவிலியர்கள், ஊழியர்கள், நோயாளிகளுடன் வந்தவர்கள் என்று எந்நேரமும் நடமாட்டம்தான். இங்கே டூட்டி எப்போது மாறும் என்று டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால், சுற்றியுள்ள வீடுகளுக்குள் ஓடும் ஷிப்ட்டுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. விடிவதற்குள் பால், டிபன், மதியச் சாப்பாட்டு டப்பா, யூனிஃபார்ம். மாலையில் டியூஷன், இட்லிக்கு மாவு அரைப்பது. நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் ஒரு கதை எழுதலாம், பாதியில் நிற்கும் குழந்தைக் குல்லாவைப் பின்னி முடிக்கலாம் என்று உட்கார்ந்தால், வாசலில் ஒரு குரல் கேட்கும். “நீங்க வீட்டுலதானே இருக்கீங்க? கொஞ்சம் பார்சலை வாங்கி வெச்சிடுங்களேன்.”

எழுதுகிற, பின்னுகிற, சமைக்கிற, பிள்ளை வளர்க்கிற பெண்ணின் நாளைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, “எப்படித்தான் எல்லாத்தையும் சமாளிக்கிறாங்களோ” என்ற பாராட்டு. இன்னொன்று, “மனசு இருந்தா நேரம் வரும்” என்ற அறிவுரை. இரண்டுமே கணக்கைத் தொடுவதில்லை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

289 நிமிடங்கள்

தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டு ஆய்வை முதலில் 2019-லும், அடுத்து 2024-லும் நடத்தியது. ஒரு நாள் அதிகாலை 4 மணியில் தொடங்கி மறுநாள் அதிகாலை 4 மணி வரை, அரை மணி அரை மணியாகப் பிரித்து, ‘இந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?’ என்று வீட்டில் 6 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் கேட்கும் ஆய்வு இது.

2019-ல் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிட்ட சராசரி நேரம் 299 நிமிடங்கள். 2024-ல் அது 289 நிமிடங்களாகக் குறைந்தது. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் மிச்சம்! ஆண்களுக்கு இதே கணக்கு 97 நிமிடங்களிலிருந்து 88 நிமிடங்களாக இறங்கியிருக்கிறது. அதாவது வீட்டு வேலையில் ஆண்கள் கூடுதலாகக் கை கொடுத்ததால் பெண்களுக்கு நேரம் குறையவில்லை. இரு தரப்புக்குமே குறைந்திருக்கிறது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சராசரி, வீட்டு வேலையில் ஈடுபட்டவர்களை மட்டும் வைத்துப் போட்டது. அந்த 88 நிமிடத்தில் வீட்டு வேலையே செய்யாத ஆண்கள் சேர்க்கப்படவில்லை.

பிள்ளைகளையும் பெரியவர்களையும் கவனிப்பது தனிக் கணக்கு. 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதம் பேர் இந்தப் பராமரிப்பு வேலையைச் செய்கிறார்கள். தினமும் சராசரியாக 140 நிமிடங்கள். அதே வயது ஆண்களில் 21.4 சதவீதம் பேர், 74 நிமிடங்கள். கைக்குழந்தையோடு சமையலும் பார்க்கும் ஒரு தாய்க்கு இரண்டையும் கூட்டிப் பார்த்தால் ஏழு மணி நேரத்தைத் தாண்டிவிடும். ஓர் அலுவலக நாளுக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஞாயிற்றுக்கிழமை லீவும் இல்லை.

ரசம் கணக்கில் வராது, ஸ்வெட்டர் வரும்

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு வேடிக்கை இருக்கிறது. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிட உலக நாடுகள் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையில், வீட்டுக்குள் நடக்கும் வேலைகளுக்கு ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்காக ஒரு பொருளைச் செய்தால் அது கோட்டுக்கு உள்ளே, அதாவது உற்பத்தி. சொந்தக் குடும்பத்துக்காக ஒரு சேவையைச் செய்தால் கோட்டுக்கு வெளியே.

ஆக, அம்மா பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினால் விதிப்படி அது உற்பத்தி. அதே அம்மா வைத்த ரசம் உற்பத்தி ஆகாது. அவர் எழுதிய நாவல் அச்சாகி விற்றால் அது உற்பத்தி. எழுதுவதற்கு முன்னால் குழந்தையைத் தூங்க வைத்தது ஆகாது. அதே ரசத்தை ஹோட்டலில் ஒருவர் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்டால், உடனே அது பொருளாதாரம் ஆகிவிடும். சமைத்த கையும் புளியும் ஒன்றுதான், ரசீது மட்டும்தான் வித்தியாசம்.

கோரிமேட்டு வெயிலில் உல்லன் நூலா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் பிரசவ வார்டில் இருக்கிறது. பிறந்த குழந்தை உடல் சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும். குறிப்பாகத் தலை வழியாக. எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்துவைக்கும் கங்காரு பராமரிப்பில் தலைக்குக் குல்லாவும் காலுக்குச் சாக்ஸும் போடச் சொல்வது இதனால்தான். இந்த ஊரில் பின்னல் ஊசி அதிகம் நகர்வது குளிருக்காக அல்ல, பேரப்பிள்ளைகளுக்காக.

ஊசி பொறுக்கும், பேனா பொறுக்காது

சமையலோடும் பிள்ளையோடும் பின்னல் ஒத்துப்போகிறது, எழுத்து ஒத்துப்போவதில்லை. ஏன்? இதற்கு மானுடவியலில் நல்ல விளக்கம் உண்டு. எந்தெந்த வேலைகள் பெண்களிடம் வந்து சேர்ந்தன என்பதை ஜூடித் பிரவுன் என்ற ஆய்வாளர் 1970-ல் ஆராய்ந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலைக்கு அவர் கண்ட அடையாளங்கள் எளிமையானவை: வீட்டுப் பக்கத்திலேயே நடக்க வேண்டும், குழந்தைக்கு ஆபத்து இருக்கக் கூடாது, கவனம் முழுவதையும் கேட்கக் கூடாது, நடுவில் விட்டுவிட்டு மறுபடி எடுக்க முடிய வேண்டும். தொல்துணி ஆய்வாளர் எலிசபெத் வேலண்ட் பார்பர், 1994-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை எடுத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நூற்பதும் நெய்வதும் பெண்கள் கையில் இருந்ததற்கான காரணத்தை விளக்கினார்.

பின்னல் இதற்கு அப்படியே பொருந்துகிறது. குக்கர் விசில் அடித்தால் ஊசியைக் கீழே வைக்கலாம். திரும்பி வரும்போது கண்ணி விட்ட இடத்திலேயே இருக்கும், எண்ணிப் பார்த்துத் தொடரலாம். வயர் கூடையும் குரோஷாவும் இப்படித்தான். பாதியில் விட்ட வாக்கியத்துக்கு அந்தக் குணம் இல்லை. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால், அடுத்த வரி என்னவென்று மறந்திருக்கும். அரை மணி நேரம் நான்கு தடவை கிடைப்பதும், இரண்டு மணி நேரம் சேர்ந்து கிடைப்பதும் பின்னலுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்றல்ல.

எழுத ஒரு பெண்ணுக்குப் பணமும் தனி அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வூல்ஃப் 1929-ல் எழுதியது பலருக்கும் தெரியும். அந்த வூல்ஃபை அவருடைய அக்கா வனெசா பெல் 1912-ல் வரைந்த ஓவியத்தில், நாற்காலியில் சாய்ந்து கையில் பின்னல் வேலையோடுதான் இருக்கிறார். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்தபடி பதிப்பகத்தில் எடிட்டராக வேலை பார்த்த டோனி மாரிசனுக்குத் தனி அறை எல்லாம் வாய்க்கவில்லை. பிள்ளைகள் எழுவதற்கு முன் விடியற்காலையில் எழுதினார். அந்தப் பழக்கம் கடைசி வரை அவரை விடவில்லை. 1993-ல் நோபல் பரிசும் வந்தது.

கதை சொன்ன அம்மா, ஒளித்து எழுதிய அம்மா

தமிழில் இதற்கு முன்னோடி வை.மு.கோதைநாயகி அம்மாள். 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டில் சுற்றி உட்காரும் குழந்தைகளுக்குக் கதை சொல்லிச் சொல்லியே கதை கட்டப் பழகினார். ‘இந்திர மோகனா’ நாடகம் 1924-ல் உருவானபோது அவருக்குச் சரளமாக எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். அடுத்த வருடமே, நின்றுபோயிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை வாங்கி நடத்தத் தொடங்கி, ஏறத்தாழ 35 வருடம் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனபோது அங்கேயும் எழுதினார். கணவர் பார்த்தசாரதியும் குடும்பமும் பக்கபலமாக நின்றதை இதில் விட்டுவிட முடியாது. “மனசு இருந்தா நேரம் வரும்” என்பவர்கள் கோதைநாயகியை உதாரணம் காட்டுவதுண்டு. நேரம் மனசால் மட்டும் வரவில்லை, எழுதிக்கொடுத்த தோழியாலும் வழிவிட்ட வீட்டாலும் வந்தது.

வழிவிடாத வீடு எப்படி இருக்கும் என்பதற்குக் கவிஞர் சல்மாவின் வாழ்க்கை சாட்சி. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் 1968-ல் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் படிப்பு நின்றது. திருமணத்துக்குப் பிறகு, வீட்டார் தூங்கிய பிறகு, கழிப்பறையில் நின்றபடி கவிதை எழுதியதை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எழுதிய தாள்களை ஒளித்துவைத்தார். அவற்றை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய அம்மா. சல்மா என்பதே யாருக்கும் தெரியாமல் எழுத வைத்துக்கொண்ட பெயர்தான். 2004-ல் வந்த அவரது நாவலின் பெயர் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’. எழுதக் கிடைத்த நேரமே தலைப்பில் ஏறிவிட்டது போலிருக்கிறது. அதே சல்மா பின்னர் ஊராட்சித் தலைவரானார், 2025-ல் மாநிலங்களவை உறுப்பினருமானார்.

எழுத்தாளர் அப்பாக்களுக்கு இந்தச் சிக்கல் இல்லையா என்று கேட்டால், புதுச்சேரியே ஒரு பதிலை வைத்திருக்கிறது. 1908 முதல் 1918 வரை இங்கே குடும்பத்தோடு இருந்த பாரதி, செல்லம்மாள் சமைக்க வைத்திருந்த அரிசியைச் சிட்டுக்குருவிகளுக்கு அள்ளிப் போட்ட கதை எல்லோருக்கும் தெரிந்தது. கவிஞரின் மனசுக்கு அடையாளமாக அதைச் சொல்கிறோம். அன்றைக்கு மதியம் செல்லம்மாள் என்ன சமைத்தார் என்று கேட்கிறவர்கள் குறைவு.

கோர்ட் என்ன சொல்கிறது?

கடந்த சில வருடங்களில் நீதிமன்றங்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியுள்ளன. விபத்தில் இறந்த குடும்பத் தலைவியின் உழைப்புக்கு மதிப்பு என்ன என்ற கேள்வியை 2009-லேயே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் ஒரு தீர்ப்பில் விரிவாக எடுத்துப் பேசினார். (ஆர்.சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இதே பிரபா ஸ்ரீதேவன்தான்.) 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இதே போன்ற இழப்பீட்டு வழக்கில் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின் எண்களையே எடுத்துக்காட்டி, வீட்டில் இருக்கும் பெண்கள் உழைப்பதில்லை என்ற எண்ணம் தவறு என்றது.

நமக்கு இன்னும் பக்கத்தில், நெய்வேலியைச் சேர்ந்த ஒரு தம்பதியின் வழக்கு. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ‘உண்டு, சரிபாதி’ என்றார். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது என்பது தீர்ப்பின் சாரம். இதற்கென்று தனிச் சட்டம் இல்லை என்பதும் அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆகவே, இந்தத் தீர்ப்பைக் காட்டி எல்லோருக்கும் தானாகப் பாதிச் சொத்து வந்துவிடாது. ஒவ்வொருவரும் வழக்காடித்தான் பெற வேண்டும்.

சாலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அரசுகள் தரும் தொகைக்கு வந்தால், கோரிமேட்டில் ஒரு சுவாரசியம் உண்டு. எல்லையைத் தாண்டினால் விழுப்புரம் மாவட்டத்துப் பட்டானூர். அங்கே கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது, மாதம் 1,000 ரூபாய். 21 வயது நிரம்பிய குடும்பத் தலைவி, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்று அப்போது நிபந்தனைகள் இருந்தன. எல்லைக்கு இந்தப் பக்கம், புதுச்சேரி அரசும் அதே 2023-ல் 1,000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கியபோது இது 21 முதல் 55 வயது வரை, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, வேறு எந்த அரசு உதவித்தொகையும் பெறாத குடும்பத் தலைவிகளுக்கு என்று இருந்தது.

பெயரில் ஒரு நுட்பம் இருக்கிறது. உதவித்தொகை என்றால் இல்லாதவருக்குக் கொடுப்பது. உரிமைத்தொகை என்றால் உழைத்தவருக்குச் சேர வேண்டியது. தமிழக அரசு இரண்டாவது சொல்லைத் தேர்ந்தெடுத்து, வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்று விளக்கமும் சொன்னது. தொகையை மாதம் 30 நாளுக்கு, நாளுக்கு 289 நிமிடம் என்று வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய ஏழு ரூபாய் வரும். இது கூலி இல்லை, அங்கீகாரம் மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். ஆனாலும், யாரிடமும் கேட்காமல் ஒரு குயர் நோட்டும் இரண்டு பந்து நூலும் வாங்க அந்தப் பணம் போதும்.

கணக்கெடுப்பு அதிகாரி வந்து நேற்று மதியம் மூன்று மணிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டால், “சும்மாதாங்க இருந்தேன்” என்று சொல்லிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அந்தச் ‘சும்மா’வுக்குள் உலர்ந்த துணியை மடித்தது, மாமியாருக்கு மாத்திரை கொடுத்தது, குல்லாவில் நான்கு வரி பின்னியது எல்லாம் இருக்கும். கேட்பவர் அவற்றைத் தனித்தனியாகத்தான் குறிக்க வேண்டும். ஆய்வு நடத்துவதே அதற்காகத்தான். அதனால் கேட்டால், எழுதினேன் என்றால் எழுதினேன் என்றும், பின்னினேன் என்றால் பின்னினேன் என்றும் சொல்லிவிடுங்கள்.