திருச்சுழி வட்டாரத்தின் பாண்டியர் கால வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த வறண்ட நிலப்பகுதி இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. பாண்டியர் காலத்தில் திருச்சுழியின் சுற்றுப்புறம் பருத்திக்குடி நாடு எனப்பட்டது. இப்பகுதியின் பழைய வரலாற்றை அறியக் கோயில் கல்வெட்டுகளே முதன்மைச் சான்றுகள்.

கோயில்கள்

குண்டாற்றின் கரையிலுள்ள திருச்சுழித் திருமேனிநாதர் கோயில், சுந்தரரின் தேவாரம் பெற்ற தலமாகும். அருகிலுள்ள பள்ளிமடத்தில் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்னும் கோயில் உள்ளது. இதைப் பாண்டிய இளவரசர் ஒருவரின் பள்ளிப்படைக் கோயிலாகக் கருதுவர். 'சோழன் தலைகொண்ட' வீரபாண்டியனின் (10ஆம் நூற்றாண்டு) கல்வெட்டுகள் இங்குள்ளன. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கோவிலாங்குளத்தில் சமணக் கோயில் இருந்தது. அங்குள்ள முதலாம் குலோத்துங்க சோழன் காலக் கல்வெட்டு (1118), கோயிலோடு தண்ணீர்ப்பந்தலையும் கிணற்றையும் குறிக்கிறது.

ஆடும் விளக்கும்

பள்ளிமடக் கல்வெட்டுகளில் விளக்கெரிக்க ஆடுகள் கொடுத்த செய்திகள் உள்ளன. பாண்டி நாட்டில் ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 50 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர், நாள்தோறும் குறித்த அளவு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். இறக்கும் ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டும். அதனால் இவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன.

நெல் விளைச்சலுக்கு மழையையும் கண்மாயையும் நம்பியிருந்த மண்ணில், மேய்ச்சலும் நிலையான செல்வமாக இருந்தது. போர் வென்ற மன்னனின் பெயர் பொறித்த அதே கல்லில், ஆடு மேய்த்த குடிகளின் பொறுப்பும் பதிவாகியுள்ளது.