உங்களுக்குத் தெரியுமா? விக்குக்கு எண்ணெய் வைக்கலாமா?

பட்டாபிராமில் திருத்தணி லோக்கல் ஏறினால், கிருத்திகையன்று மொட்டை போடக் கிளம்பிய குடும்பங்கள் கண்ணில் படும். அதே தடத்தில் இன்னும் தள்ளிப் போனால் திருப்பதி. அங்கே கல்யாணகட்டாவில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் தரம் பிரித்து, இணையவழி ஏலத்தில் விற்கிறது. அதில் நீளமான முடி விக்காகிறது. அந்த விக்கைப் பற்றிச் சில துணுக்குகள்.

● மொட்டை முடிக்குத்தான் மவுசு! வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று கலையாமல் கட்டி வைத்தால், முடியின் மேலுள்ள நுண்செதில்கள் எல்லாம் ஒரே திசையில் இருக்கும், சிக்கு விழாது. வியாபாரத்தில் இதற்கு ‘ரெமி’ என்று பெயர். சீப்பில் வரும் உதிரி முடி தலைகீழாகக் கலந்திருக்கும். செதிலை அமிலத்தில் கரைத்து, சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்குவார்கள். பூச்சு போனதும் சிக்கு ஆரம்பம்.

● நியூயார்க்கில் எரிந்த காணிக்கை! வைதீக யூத சமூகத்தில், மணமான பெண்கள் பலர் தலைமுடியை மறைக்க விக் அணிவது வழக்கம். இந்திய முடி கோயில் காணிக்கையாக வந்தது என்பதால், 2004-ல் மதகுருமார் அதற்குத் தடை சொன்னார்கள். புருக்ளின் தெருக்களில் விலை உயர்ந்த விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள்.

● அசலா, சிந்தெடிக்கா? உதிர்ந்த ஓர் இழையை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். அசல் முடி என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும். மிச்சத்தைத் தேய்த்தால் பொடியாகும். சிந்தெடிக் என்றால் உருகிக் கெட்டி உருண்டையாகும். எந்த ஷாம்பு, எந்த ஸ்ப்ரே என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

● எண்ணெய் யாருக்கு? தேங்காய் எண்ணெய் அசல் முடிக்குள் இறங்கும். சிந்தெடிக் இழை பிளாஸ்டிக் வகை. ஒரு துளியும் உறிஞ்சாது. மேலேயே நிற்கும் எண்ணெய் ரோட்டுப் புழுதியை எல்லாம் பிடித்து வைக்கும். அசல் முடி விக்குக்கும் நுனியில் ஓரிரு துளி போதும். அடிவலையில் எண்ணெயோ கண்டிஷனரோ பட்டால் முடிச்சு நெகிழ்ந்து முடி கழன்று வரும்.

● சீயக்காய் வேண்டாம். தலைக்கு நல்லதுதான். ஆனால் அதன் தூள் விக்கின் வலைக்கண்ணில் புகுந்தால் அலசி எடுப்பது பெரும்பாடு. சல்ஃபேட் இல்லாத ஷாம்புவைக் குளிர்ந்த நீரில் கரைத்து, விக்கைச் சில நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். கசக்காதீர்கள், பிழியாதீர்கள், துண்டில் வைத்து ஒற்றுங்கள்.

● போர் தண்ணி உப்பா? அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் முடியில் படிந்தால் பளபளப்பு போய் முரடாகும். சோப்புக் கட்டி போட்டால் வெள்ளைப் பிசுக்கும் சேரும். கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ எடுத்துக்கொள்ளுங்கள்.

● எத்தனை நாளுக்கு ஒருமுறை? பொதுவாக 6 முதல் 8 தடவை அணிந்த பிறகு கழுவினால் போதும் என்பார்கள். நம் ஊர் சித்திரை வியர்வைக்கு அது தாங்காது. பிசுபிசுத்தால் முன்பே கழுவிவிடுங்கள். அடிக்கடி கழுவினாலும் ஆயுள் குறையும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும்.

● சமையலறையில் கவனம்! குக்கர் ஆவியும் ஓவன் கதவைத் திறந்ததும் அடிக்கும் அனலும் போதும், சாதாரண சிந்தெடிக் இழையின் நுனி பொசுங்கிச் சுருண்டுவிடும், பிறகு நிமிராது. லேபிளில் ‘வெப்பம் தாங்கும்’ என்று இருந்தால் மட்டுமே அயர்னிங். அதுவும் அதில் போட்ட டிகிரிக்குள். ஹேர் ஸ்ப்ரேக்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. விளக்கேற்றும் முன் அடிக்காதீர்கள்.

● காய வைக்க ஸ்டாண்டு இல்லையா? உயரமான ஹார்லிக்ஸ் பாட்டிலில் துண்டைச் சுற்றிக் கவிழ்த்தால் போதும். நிழலில் காயட்டும். வெயில் நிறத்தை வெளுக்கும். காய்ந்த பிறகே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள்.

● ஹேர் டை பிடிக்காது. கடையில் விற்கும் டை சிந்தெடிக்கில் ஏறவே ஏறாது. அசல் முடி விக்கும் பெரும்பாலும் ஏற்கெனவே சாயம் கண்டதுதான்; மறுபடி போட்டால் நிறம் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. வேறு நிறம் வேண்டுமானால் வேறு விக்கே லாபம்.

● பூச்சிக்குப் பிடித்தது அசல்தான். முடியிலும் கம்பளியிலும் இருப்பது கெரட்டின் புரதம். துணி அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு இரண்டையும் தின்னும். அழுக்கில்லாமல், ஈரமில்லாமல் மூடி வையுங்கள். பாச்சா உருண்டை போட்டால் அந்த வாடை உங்கள் தலையோடு ஆபீஸ் வரை வரும்.

● கீமோவுக்கு முன்பே! முடி கொட்டவைக்கும் மருந்துகளில், சிகிச்சை தொடங்கி 2, 3 வாரத்தில் உதிர ஆரம்பிப்பது வழக்கம். முடி இருக்கும்போதே கடைக்குப் போனால் நிறமும் வகிடும் பொருத்தி எடுக்கலாம். அந்த நாட்களில் தலைத்தோல் நொந்திருக்கும். பசை, டேப் போன்றவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

● பவுடருக்கு வரி! ஒரு காலத்தில் இங்கிலாந்துக் கனவான்கள் விக்கில் ஸ்டார்ச், மாவு கலந்த வாசனைப் பவுடரைக் கொட்டிக்கொள்வார்கள். 1795-ல் பிரதமர் வில்லியம் பிட், பவுடர் போடுகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு கினி கட்ட வேண்டும் என்று வரி போட்டார். விக்கைக் கழற்றியவர்கள் பலர். சில ஆண்டுகளில் பவுடர் மோகமே அடங்கிப்போனது.