ஒட்டு ரோஜாவின் பூ நிறம் மாறுவது ஏன்?

ஆப்ரிகாட் பழத்தை ஒத்த இளஞ்செம்மஞ்சள் நிறமும் நறுமணமும் ஒருங்கே அமைந்த புதர் ரோஜாக்களுள் ‘பஃப் பியூட்டி’ குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் பாதிரியார் ஜோசப் பெம்பர்ட்டன் உருவாக்கிய கஸ்தூரிக் கலப்பினத்தைச் சேர்ந்த இவ்வகை, 1939-ஆம் ஆண்டில் ஆன் பென்ட்டால் அம்மையாரால் வெளியிடப்பட்டது. இது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரம் வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

இத்தகைய ரோஜாவை நட்ட சில ஆண்டுகளில், செடி முழுவதும் சிறு வெண்பூக்களே மலர்வதுண்டு. மண்ணோ எருவோ நிறத்தை மாற்றிவிட்டதாகப் பலர் கருதுவர். அது சரியன்று.

விற்பனைக்கு வரும் ரோஜாக்கள் பெரும்பாலும் ஒட்டுச் செடிகளே. வலிய காட்டு ரோஜா ஒன்றின் பட்டையைக் கீறி, வேண்டிய வகையின் மொட்டை அதனுள் பொருத்துகின்றனர். இரண்டும் இணைந்து வாழினும் தத்தம் குணத்தை இழப்பதில்லை. ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளை காட்டு ரோஜாவின் பூவையே தரும். விரைந்து வளரும் அக்கிளை நீரையும் சத்தையும் கவர்ந்துகொள்வதால், மேலுள்ள நல்ல ரோஜா நலிந்து இறுதியில் மடிகிறது. ஆகவே, நிறம் மாறவில்லை, செடியே மாறிவிட்டது.

வெயிலில் நிறம் வெளுப்பது வேறு. பஃப் பியூட்டியின் பூ விரிந்தபின் வெளிர் மஞ்சளாவது இயல்பு. வெளுத்த பூவில் இதழ்கள் அடுக்கடுக்காக இருப்பின் கவலை வேண்டுவதில்லை. ஐந்தே இதழ்கள் காணப்படின் கிளையின் தோற்றுவாயை ஆராய்தல் வேண்டும். சிற்றிலைகளை எண்ணி முடிவு செய்தல் ஆகாது. நல்ல ரோஜாக்கள் சிலவற்றிலும் ஏழு சிற்றிலைகள் உண்டு. அடிமண்ணை விலக்கி, கிளை ஒட்டுக்கு மேலிருந்து எழுகிறதா, கீழிருந்தா என்று காண்பதே உறுதியான வழி. கீழிருந்து எழுந்த குருத்தை இளமையிலேயே பிய்த்தெடுத்தல் வேண்டும். வெட்டினால், எஞ்சிய அடியிலிருந்து மீண்டும் பல குருத்துகள் கிளைக்கும்.

வட இந்தியச் சமவெளியில் ஒட்டுப் பகுதி மண்ணுக்குச் சற்று மேலே நிற்குமாறு நடுதல் நன்று. அக்டோபரில் கவாத்து செய்கையில் உலர்ந்த கிளைகளை நீக்கி, மற்றவற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் குறைத்தால் போதும். தண்டுத் துண்டுகளை வேரூன்றச் செய்து வளர்க்கும் செடிகளில் இத்தொல்லை இல்லை.

பள்ளித் தோட்டங்களில் நடும் நாளன்றே ஒட்டுக்கு மேல் வண்ண நூலொன்றைத் தளர்வாகக் கட்டிவைத்தால், களைய வேண்டிய கிளை எது என்பதை மாணவரே கண்டுகொள்வர்.