எச்சரிக்கை மணியும் எந்திர மூளையும்

2004 டிசம்பர் 26, காலை 6.29 மணி. சுமத்ராவுக்கு மேற்கே கடலடி பிளந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நிகோபார் கிராமங்களைக் கடல் வாரிக்கொண்டு போனது. அலை சென்னைக் கரையைத் தொட அதற்கு மேலும் ஒரு மணி நேரத்துக்கு அதிகமான அவகாசம் இருந்தது. ஆனால் மெரினாவில் நடை பயின்றவர்களை யாரும் எச்சரிக்கவில்லை. எச்சரிப்பதற்கு இந்தியப் பெருங்கடலில் அமைப்பே இல்லை.

இன்று இருக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபரில் தொடங்கிய சுனாமி எச்சரிக்கை மையம் இரவும் பகலும் விழித்திருக்கிறது. நில அதிர்வுக் கருவிகள், கரையோர அலைமானிகள், ஆழ்கடலின் தரையில் கிடந்து நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் எல்லாம் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. ஆழ்கடல் கருவி ஒலி அலை மூலம் மேலே மிதவைக்குச் சொல்ல, மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்கிறது.

தீவுகளுக்கு இன்னொரு கொடுப்பினையும் வந்தது. சுமார் 2,300 கி.மீ. நீளமுள்ள கடலடி கண்ணாடி இழை கேபிள், 2020 ஆகஸ்ட் 10 அன்று பிரதமர் மோடியால் தொடங்கிவைக்கப்பட்டது. செலவு சுமார் ரூ 1,224 கோடி. சென்னையில் கிளம்பி, இன்று ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரைத் தொட்டு, கிரேட் நிகோபார் வரை போகிறது. அதுவரை செயற்கைக்கோளை நம்பிக் கிடந்த ஊர்களுக்கு இது பெரிய மாற்றம்.

இதே காலத்தில் கம்ப்யூட்டர் உலகில் வேறொரு கேபிள் போடப்பட்டது. புரோகிராம் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவை வெளிக் கருவிகளோடு இணைக்கும் பொது விதிமுறையை அமெரிக்க நிறுவனமான ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. பெயர்: மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால். கிராஃபானா, டேட்டாடாக் போன்ற கண்காணிப்புத் தளங்கள் இதற்குக் கதவைத் திறந்துவிட்டன. நள்ளிரவில் அபாய மணி அடித்தால் தூக்கக் கலக்கத்தில் எழுந்த இன்ஜினியர் பத்துத் திரைகளைப் புரட்ட வேண்டாம். எந்த நிமிடத்தில் கோளாறு தொடங்கியது, அதற்கு முன் எந்த வரி மாற்றப்பட்டது என்று உதவியாளரே தேடிச் சொல்லிவிடும்.

சொல்வது வரை சரி. மணியை நிறுத்தவோ அடிக்கவோ அதனிடம் சாவி கொடுக்கலாமா?

2012 ஏப்ரல் 11 இதற்கு நல்ல பாடம். பிற்பகல் 2.08 மணிக்கு சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலநடுக்கம். நிகோபாருக்கு எச்சரிக்கை பறந்தது. ஆனால் பெரிய அலை வரவில்லை. காரணம், பாறைத் தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நகர்ந்தன. பூகம்பத்தின் அளவு மட்டும் இதைச் சொல்லாது. கடல்மட்டக் கருவிகள் சொன்ன பிறகே எச்சரிக்கை விலக்கப்பட்டது.

அதுவரை காத்திருந்து பார்த்திருக்கலாமே என்று நினைக்கத் தோன்றும். நிகோபாருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு மணி நேரத்துக்குள் அலை எட்டக்கூடிய இடங்களுக்கு பூகம்பத் தகவலை மட்டும் வைத்தே எச்சரிக்க வேண்டும் என்பது மையத்தின் நடைமுறை. தூரத்தில் உள்ள சென்னைக்கு அலைமானி உறுதி செய்யும்வரை பொறுக்கலாம். ஒரே அதிர்வு, இரண்டு ஊர்களுக்கு இரண்டு முடிவுகள். தவறான மணி அடித்தால் ஊர் ஒரு மாலைப் பொழுதை இழக்கும். அடிக்காமல் விட்டால் 2004. அந்தப் பொறுப்பில் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்கட்டும். எந்திரம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லட்டும், படிக்க மட்டும் அனுமதியோடு.

அதற்கு வேலை நிறையவே உண்டு. ஆழ்கடல் மிதவைகளில் படகுகளைக் கட்டுவதும், பாகங்களைக் கழற்றுவதும் பழைய தொல்லை. மிதவை மௌனமானால் கடல் அமைதியா, கருவி செத்ததா என்று உடனே பிரித்தறிய வேண்டும். வரவேண்டிய செய்தி வராததை எந்திரம் நொடியில் கவனித்துவிடும். ஆனால் மிதவையைச் சரிசெய்யக் கப்பல்தான் போக வேண்டும்.