காலியாகாத பெட்டி

சாவியைத் திருப்பியதும் என்ஜின் உறுமாமல் 'டிக் டிக் டிக்' என்று மட்டும் சத்தம் வந்தால், காரோடு கொஞ்சம் பழகியவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: "பேட்டரி டவுன்."

என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் மேல் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்ச் ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போகும். அது உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டை இழுத்து, தடித்த இரண்டு செப்பு முனைகளை இணைக்கும். இணைந்த கணமே மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும். நல்ல பேட்டரி கொடுத்துவிடும். தளர்ந்த பேட்டரியில் மின்னழுத்தம் சட்டென்று சரியும். அப்போது தண்டைப் பிடித்துவைக்கக்கூட சொலினாய்டுக்குப் பலம் இருக்காது, விட்டுவிடும். விட்டதும் சுமை நீங்கி மின்னழுத்தம் மேலேறும். தண்டு மறுபடி இழுபடும், மறுபடி விழும். நொடிக்குப் பல முறை நடக்கும் இந்த இழுபறிதான் நம் காதில் விழுகிற 'டிக் டிக்'.

இந்த நேரத்திலும் டேஷ்போர்டு விளக்கு எரியும், ஹாரன் ஈனமாகவாவது முனகும். 'கரண்ட் தீர்ந்துபோச்சு' என்று நாம் சொன்னாலும், பெட்டிக்குள் எதுவும் தீர்ந்துபோகவில்லை. வாங்கிய நாளில் இருந்த காரீயம் அத்தனையும் உள்ளேதான் இருக்கிறது. கந்தகமும் அங்கேயேதான் இருக்கிறது. அவை சேர்ந்திருக்கும் விதம்தான் மாறியிருக்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பேட்டரியை எப்படி எழுப்புவது, எப்போது கைவிடுவது, புதியதை எப்படி மாட்டுவது, பழையதை எங்கே சேர்ப்பது என்ற எல்லாக் கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது.

ஆறு அறைகள்

கார் பேட்டரி என்பது ஆறு அறைகள் கொண்ட பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொரு அறையும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் வரிசையாக இணைந்து 12.6 வோல்ட். ஒவ்வொரு அறையிலும் இருவகைத் தகடுகள் மாறி மாறி நிற்கும். சாம்பல் நிறத்தில் பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்த காரீயம் மைனஸ் தகடு. காப்பிக்கொட்டை நிறத்தில் காரீய டை ஆக்சைடு பூசியது பிளஸ் தகடு. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் நனைந்திருக்கின்றன.

மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளும் அமிலத்திலிருந்து சல்பேட்டை எடுத்துக்கொண்டு, காரீய சல்பேட் என்ற ஒரே வெள்ளைப் பொருளாக மாறத் தொடங்கும். அமிலம் குறைந்து தண்ணீர் கூடும். சார்ஜ் ஏற்றினால் இதெல்லாம் அப்படியே திரும்பும்: சல்பேட் தகட்டை விட்டு மீண்டும் அமிலமாகும், தகடுகள் பழைய நிறத்துக்கு வரும்.

பழைய மெக்கானிக்குகள் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் பேட்டரி நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் அளவுகோலைப் பார்த்தே பேட்டரியின் நிலையைச் சொல்வதன் ரகசியம் இதுதான். நிறைந்த சார்ஜில் அந்த நீரின் ஒப்படர்த்தி 1.28-ஐ ஒட்டியிருக்கும். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் தண்ணீராகி, அளவு 1.1-ஐ நோக்கி விழும். லடாக் போன்ற இடங்களில் இந்த வேறுபாடே ஒரு பேட்டரியின் உயிரைத் தீர்மானிக்கும். நிறைந்த பேட்டரியின் அமிலம் உறைய மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போகவேண்டும்; சார்ஜ் இறங்கியதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர் என்பதால், அது உறைந்து பெட்டியையே பிளந்துவிடக்கூடும்.

இப்படித் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கக்கூடிய பேட்டரியை உலகில் முதன்முதலில் செய்தவர் பிரான்ஸ் நாட்டு இயற்பியலாளர் காஸ்தோன் பிளாந்தே. ஆண்டு 1859. இரண்டு காரீயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்தார். 1912-ல் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தது. அதுவரை காருக்கு முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றவேண்டும். என்ஜின் எதிர்த்து உதைத்தால் கை எலும்பு முறியும். முதியவரும் உடல்பலம் குறைந்தவரும் தனியே காரெடுக்க வழிசெய்தது, பிளாந்தேயின் பெட்டியும் கெட்டரிங்கின் மோட்டாரும் சேர்ந்த கூட்டணி.

இவ்வளவு பெரிய வேலைக்குச் செலவாகும் சார்ஜ் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 150 ஆம்பியர், இரண்டு நொடி என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை ஸ்டார்ட் செய்ய ஓர் ஆம்பியர்-மணியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் போகிறது. சிறிய காரின் பேட்டரியே 35 ஆம்பியர்-மணி தாங்கும். ஆக, கார் பேட்டரியின் திறமை நிறையச் சேமிப்பதில் இல்லை. கேட்ட கணத்தில் மொத்தமாக அள்ளிக்கொடுப்பதில் இருக்கிறது.

ஐன்ஸ்டைன் தரும் வோல்ட்

காரீயத்துக்கு ஏன் இந்த வல்லமை? தனிம அட்டவணையில் அதற்கு நேர் மேலே இருப்பது வெள்ளீயம், ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் உலோகம். வேதியியல் குணத்தில் இரண்டும் உறவுக்காரர்கள். ஆனால் வெள்ளீயத்தை வைத்து இப்படியொரு பேட்டரி செய்ய முடியாது.

2011-ல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராஜீவ் அகுஜாவும், பின்லாந்தின் பெக்கா புய்க்கோவும், அவர்களுடைய சகாக்களும் இதற்கு விடை கணக்கிட்டு வெளியிட்டார்கள். காரீய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள் உள்ளன. அந்த ஈர்ப்பில் மிக உள்ளே சுழலும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்தை எட்டுகின்றன. அந்த வேகத்தில் நியூட்டனின் விதிகள் போதாது; ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை ஆட்சிக்கு வருகிறது. அதன் விளைவாகச் சில எலக்ட்ரான் பாதைகள் கருவை நோக்கிச் சுருங்குகின்றன. வெளிச்சுற்றில் இருக்கும் எலக்ட்ரான்களில் இரண்டு அப்படியே இறுக்கமாகப் பிடிபடுகின்றன. பிளஸ் தகட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் காரீயம் இந்த இரண்டு எலக்ட்ரான்களையும் இழந்திருக்கிறது. இழந்ததைத் திரும்பப் பெறும் வேட்கை அதற்கு அவ்வளவு அதிகம். அந்த வேட்கையைத்தான் நாம் மின்னழுத்தம் என்று அளக்கிறோம்.

ஓர் அறை தரும் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் கிடைப்பது என்பது அவர்களின் கணக்கு. அது இல்லாவிட்டால் ஆறு அறையும் சேர்ந்து மூன்று வோல்ட்கூடத் தேறாது. வெள்ளீயத்தின் கருவில் 50 புரோட்டான்களே. அங்கே இந்த விளைவு மிகவும் சிறியது. கருந்துளைகளையும் விண்மீன்களையும் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் நினைவுகூரும் ஒரு கொள்கை, தினமும் காலையில் அலுவலகம் போக நம் காரைக் கிளப்பிக்கொண்டிருக்கிறது. அறிவியலில் இதைவிட மகிழ்ச்சி தரும் செய்தியை நான் அதிகம் படித்ததில்லை.

ஏன் எழ மறுக்கிறது?

காரீய சல்பேட் முதலில் மிக நுண்ணிய படிகங்களாகத் தகட்டில் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் கரைந்து திரும்பிவிடும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால், சீனிப்பாகில் கற்கண்டு விளைவதுபோல் அந்தச் சிறு படிகங்கள் சேர்ந்து பெரிதாகி இறுகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுதாகக் கரையாது. பொருள் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் வேலைக்கு வராது. பேட்டரி 'செத்தது' என்பதன் பொருள் பெரும்பாலும் இதுதான்.

ஓட்டாமல் நிறுத்திய காரும் சும்மா இருப்பதில்லை. கடிகாரம், அலாரம், என்ஜின் கணினியின் நினைவகம் எல்லாம் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்றாலே, 45 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மாதத்தில் வறண்டுவிடும். ஸ்டார்ட் ஆக மறுப்பதோ அதற்கு வெகு முன்பே. 2020 ஊரடங்கு முடிந்து சாவியைத் திருப்பிய பலருக்கும் இந்தப் பாடம் கிடைத்தது.

இன்னொரு எதிரி வெயில். வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. பானட்டுக்குள் கொதிக்கும் சூட்டில் பிளஸ் தகட்டைத் தாங்கும் காரீயச் சட்டம் வேகமாக அரிக்கப்படுகிறது, நீர் ஆவியாகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் பேட்டரி கைவிடும். ஆனால் அதற்கான கேடு பெரும்பாலும் முந்திய கோடையிலேயே நடந்திருக்கும். நம்மூரிலோ ஆண்டு முழுக்கக் கோடைதான். மூன்று, நான்கு ஆண்டுகள் உழைத்த பேட்டரி தளர்ந்தால் அதைக் குறைசொல்ல முடியாது.

வழியில் நின்றுவிட்டால்

முதலில் டெர்மினலைப் பாருங்கள். பிளஸ் முனையில் வெள்ளையும் நீலப்பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். கசியும் அமில ஆவி உலோகத்தை அரித்து விளைந்த உப்பு அது. மின்சாரத்தை வழியிலேயே மறித்துவிடும். இணைப்புகளைக் கழற்றி, வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரையும். துடைத்து இறுக்கியதும் கார் கிளம்பிவிட்டால், பேட்டரியின் மேல் பழி இல்லை.

கிளம்பவில்லையென்றால் மற்றொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள். சிவப்புக் கேபிளை முதலில் படுத்த பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையைப் படுத்த காரின் என்ஜினில், பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளிப் பிடிக்கவையுங்கள். கடைசி இணைப்பில் தீப்பொறி பறக்கும்; பேட்டரியைச் சுற்றியோ ஹைட்ரஜன் வாயு கசிந்திருக்கலாம். காற்றில் நான்கு சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால்தான் பொறி தள்ளிப் பறக்கவேண்டும் என்கிறார்கள்.

கார் கிளம்பியதும் ஒரு மல்டிமீட்டர் நிறையச் சொல்லும். என்ஜின் ஓடும்போது டெர்மினலில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் அளவில் இருந்தால், ஓட்டத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் சரி. அது 12-லேயே நின்றால் குற்றவாளி ஆல்டர்னேட்டர். புது பேட்டரி வாங்கினாலும் அதுவும் படுத்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு வைத்த பேட்டரி காலையில் 12.4-க்கும் கீழே நின்றால், மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. பேட்டரிக் கடையில் லோடு டெஸ்டர் வைத்துப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம்.

புதியது வரும்போது

பழையதன் ஆம்பியர்-மணி, உயரம், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பவை பொருந்தவேண்டும். சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் கார்களுக்கு அதற்கென்றே வலுவாகச் செய்த பேட்டரிதான் போடவேண்டும். தயாரித்த தேதியையும் பாருங்கள். கடை அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்ததில் படிகங்கள் வளரத் தொடங்கியிருக்கும்.

கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் உடலின் எந்த மூலையில் பட்டாலும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் வழியே பாயும். ஸ்பேனர் கணத்தில் பழுக்கக் காயும். மைனஸை எடுத்துவிட்டால் அந்தப் பாதையே இல்லை. மோதிரம், வளையல், உலோகப் பட்டைக் கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டே கைவையுங்கள். டெர்மினலில் கொஞ்சம் வாசலின் தடவினால் உப்பு பூப்பது குறையும்.

பழையது எங்கே போகிறது?

கழற்றிய பெட்டி பெரும்பாலும் பத்து கிலோவுக்கு மேல் கனக்கும். எடையில் பாதிக்கு மேல் காரீயம். அந்தக் காரீயத்துக்கு முதுமை கிடையாது. உருக்கிச் சுத்தப்படுத்தினால் மீண்டும் புதிய தகடாகும். எத்தனை முறை வேண்டுமானாலும். முறையான ஆலையில் புகை வடிகட்டப்பட்டு, அமிலம் செயலிழக்கச் செய்யப்பட்டு இது நடக்கிறது.

கொல்லைப்புறத்தில் கோடாரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்கினால் அதே காரீயம் நஞ்சு. செனகல் தலைநகர் டாக்கரை அடுத்த தியாரோய்-சுர்-மெர் பகுதியில் இப்படிப் பழைய பேட்டரிகளைப் பிரித்த மண்ணால், 2007 இறுதிக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின் ரத்தத்தில் ஆபத்தான அளவு காரீயம் இருப்பதாக யுனிசெப்பும் பியூர் எர்த் அமைப்பும் 2020-ல் கணக்கிட்டன. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை அதற்கு ஒரு முக்கியக் காரணமாகச் சுட்டின. குழந்தையின் வளரும் மூளையைக் காரீயம் கெடுத்துவிட்டால், அதைத் திருப்பிக் கொண்டுவரும் மருந்து இல்லை.

இந்தியாவில் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற 2001 முதலே விதிகள் உண்டு. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் இன்னும் அழுத்தமாகச் சுமத்துகின்றன. நம் பங்கு எளிது. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அதைப் பில்லில் குறிக்கச் சொல்லி வாங்குங்கள். வாசலில் வருபவர் நூறு இருநூறு கூடத் தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். அந்தப் பெட்டி நம்மைப் பொறுத்தவரை தீர்ந்துபோயிருக்கலாம். உள்ளே இருக்கும் காரீயம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. அது அடுத்து இன்னொருவரின் காரைக் கிளப்பப்போகிறதா, ஒரு குழந்தையின் ரத்தத்தில் கலக்கப்போகிறதா என்பது அதை நாம் யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.