குறிப்பெடுப்பது எப்படி?

இளம் அறிவியல் இரண்டாமாண்டு (விலங்கியல்)

நம்மில் பலர் குறிப்பெடுக்கிறோம் என்ற பெயரில் புத்தகத்தைப் படியெடுக்கிறோம். முதலாண்டில் நானும் அதைத்தான் செய்தேன். விலை கொடுத்து வாங்க வசதியில்லை. நூலகப் புத்தகத்தையோ குறித்த நாளில் திருப்பித் தர வேண்டும். ஆகவே வரிக்கு வரி எழுதித் தள்ளினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். குறிப்பு என்றால் என்னவென்று கேட்டறிய வீட்டில் ஒருவரும் இல்லை. கை வலித்தது, கை வலித்ததால் படித்துவிட்டோம் என்ற நிறைவும் வந்தது!

நோட்டுகள் பெருகவே, சுருக்கத் தொடங்கினேன். அதிலும் ஒரு பள்ளம் இருந்தது. மலேரியா பரவும் விதத்தைப் பற்றி மூன்று பக்கப் பகுதி ஒன்று. அதற்கு நான் எடுத்த குறிப்பு இதுதான்: 1880 லாவெரான், அல்ஜீரியா, 1894 மான்சன், 1897 ராஸ், செகந்திராபாத், 1898 கல்கத்தா, 1902 நோபல் பரிசு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தேர்வில் கேட்டதோ, ராஸின் தொடக்க முயற்சிகள் ஏன் பலிக்கவில்லை என்று. ஆண்டுகளை வரிசையாக எழுதிவைத்துவிட்டு வந்தேன். 25க்கு 9.

அன்றிரவு அம்மா மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே, "என்னல படிக்கே?" என்றார்கள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கொசு கடித்து மலேரியா வருவதைச் சொன்னேன். "அப்பம் கடிக்கிற கொசு அத்தனையுமா காய்ச்சலக் கொண்டாரும்? அப்படின்னா நம்ம தெருவுல ஒருத்தன் தப்புவானா?" என்றார்கள். என் குறிப்பில் அதற்கு விடையில்லை. புத்தகத்தைப் புரட்டினேன், இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. தேர்வில் நான் கோட்டைவிட்ட விடையும் அதுவே.

ஆண்டையும் பெயரையும் பொறுக்கி எடுத்த நான், 'ஆனால்', 'ஆகவே', 'ஏனெனில்' என்ற சொற்களைக் கழித்துவிட்டேன். பகுதியின் உயிர் அவற்றில்தான் இருந்தது.

இப்போது நான் செய்வது வேறு. முதல் முறை பேனாவைத் தொடாமல் படிக்கிறேன். (நூலகப் புத்தகத்தில் அடிக்கோடிடும் அன்பர்கள் கவனிக்க: எல்லா வரியையும் அடிக்கோடிட்டால் எந்த வரிக்கும் கோடில்லை என்றே பொருள்.) பிறகு, இந்தப் பகுதி எந்தக் கேள்விக்கு விடை சொல்கிறது என்று ஒரு வரியில் எழுதுகிறேன். அந்த வரி எழுத வரவில்லையென்றால் மறுபடியும் படிக்க வேண்டியதுதான். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, என் சொற்களில் எழுதுகிறேன். மூடுவதுதான் கடினம். திறந்திருந்தால் கை தானாகவே படியெடுக்கும். பெயர், ஆண்டு ஆகியவற்றை இறுதியில் திறந்து பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே பகுதிக்கு நான் பின்னர் எடுத்த குறிப்பைத் தருகிறேன்.

'மலேரியாக் கிருமி ஒருவர் உடலிலிருந்து மற்றவர் உடலுக்கு எவ்வழிச் செல்கிறது? கிருமி நோயாளியின் இரத்தத்தில் இருப்பதை லாவெரான் கண்டார் (1880). ஆனால் பரவும் வழி தெரியவில்லை. கொசுவாக இருக்கலாம் என்று மான்சன் கருதினார் (1894). ஆகவே ராஸ், நோயாளியைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்தார். ஏறத்தாழ ஈராண்டு பலனில்லை; ஏனெனில் அவை அக்கிருமி வளர இடங்கொடாத இனங்கள். புள்ளிச் சிறகுக் கொசுவை (அனாபிலிஸ்) எடுத்ததும் வயிற்றுச் சுவரில் கிருமியின் வளர்நிலை தெரிந்தது (20 ஆகஸ்டு 1897). ஆனால் வயிற்றில் இருப்பது அடுத்தவருக்கு எப்படிப் போகும்? கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதைக் கண்டார் (1898). கடிப்பது பெண் கொசு மட்டும்.'

நோபல் பரிசு மூலைக்குப் போய்விட்டது. அது கேள்விக்கு விடையன்று.

பக்கத்தின் இடப்புறம் மூன்று விரற்கடை ஓரம் விட்டுக்கொள்வது நல்லது. புரியாததும் விளங்காததும் அங்கே போகும். வகுப்பில் ஆசிரியர் சொல்வதையும் அதற்கு நேரே எழுதலாம். எழுதி முடித்ததும் யாருக்காவது சொல்லிப் பார்க்கவேண்டும். எனக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. இந்தக் குறிப்பை வாசித்துக் காட்டியபோது அம்மா இலையை நறுக்கியபடி, "பொம்பளக் கொசுதான் ரத்தம் குடிக்கும்ங்கிய. அப்பம் ஆம்பளக் கொசு என்னத்தத் திங்கும்?" என்றார்கள்.

அது அந்த மூன்று பக்கங்களில் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டு போய் மறுநாள் ஆசிரியரிடம் கேட்டேன். பூந்தேனும் செடிச் சாறும் என்றார்.