1956 புல்லட்டும் பாகத்தில் இருக்கும் தேதியும்

முள்ளிப்பட்டில் என் உறவினர் ஒருத்தர் பழைய புல்லட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தார். "1956 மாடல், எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லியிருந்தாங்க. விலையும் அதற்கேற்ற மாதிரிதான்.

திருவொற்றியூரில் என்ஃபீல்ட் இந்தியா தொழிற்சாலை திறந்ததே 1956-ல்தான். இங்கிலாந்திலிருந்து தனித்தனி பாகமாக வந்ததை இங்கே பூட்டினார்கள். அந்த வருடக் கடைசி வரை மொத்தம் 163 வண்டிதான். அதில் ஒன்று ஆரணிப் பக்கம் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் நம்பக் கூடாது.

எப்படிப் பார்ப்பது? இதில் அமெரிக்கப் பழைய கார் பிரியர்கள் கில்லாடிகள். அந்தக் கார்களில் எஞ்சின் பிளாக்கை வார்த்த தேதி வார்ப்பிலேயே புடைத்து நிற்கும். செவர்லே பிளாக்கில் 'சி 14 9' என்றிருந்தால், சி மூன்றாவது எழுத்து, அதனால் மார்ச், 14 தேதி, 9 வருடத்தின் கடைசி இலக்கம். அதே நாளை ஃபோர்டு '9சி14' என்று எழுதும். 1959-ஆ, 1969-ஆ? அதை பிளாக்கின் வார்ப்பு எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கணும்.

விதி ஒண்ணுதான்: பாகம் வண்டிக்கு முன்னாடி பிறந்திருக்கணும், ரொம்ப முன்னாடியும் கூடாது. வண்டிக்குப் பிந்தைய தேதி என்றால் அது மாற்றிய பாகம். தேதி பொருந்தினாலும் ஒரிஜினல் என்று அடித்துச் சொல்ல முடியாது; அதே காலத்துப் பாகத்தைத் தேடி வாங்கிப் பூட்டுகிறவர்களும் உண்டு. குத்திய எண்ணைத் தேய்த்துவிட்டு மறுபடி குத்தலாம், வார்ப்பில் புடைத்த எழுத்தை மாற்றுவது கஷ்டம். அதனால் நாலைந்து பாகங்களைச் சேர்த்துப் பார்க்கணும்.

நம்ம புல்லட்டுக்கு வருவோம். இங்கிலாந்து லூகாஸ் மின்பாகங்களில் மாதமும் வருடமும் குத்தியிருக்கும். '4 55' என்றால் 1955 ஏப்ரல். கப்பலில் வந்த பாகம், அதனால் சில மாதம் கூடுதல் இடைவெளி இருந்தாலும் ஒத்துக்கலாம்.

துணியால் துடைத்துப் பார்த்தோம். டைனமோவில் '8 61'. இன்னொரு பாகத்தில் லூகாஸ் டிவிஎஸ் என்றே பெயர். அந்த நிறுவனம் தொடங்கியதே 1961-ல்!

வண்டி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அத்தனை வருடம் ஓடிய வண்டியில் டைனமோ மாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். 'எல்லாமே ஒரிஜினல்' என்பது மட்டும் பொய். உறவினர் வண்டியை வாங்கினார், நல்ல பழைய புல்லட்டுக்கான விலையில். 163-ல் ஒன்றுக்கான விலையில் இல்லை.